முகப்பேர் மனைகளும் சிங்கப்பூர் அடுக்குமாடிகளும்

சென்னையிலிருந்து ஏறக்குறைய நான்கு மணி நேர விமானப் பயணத் தொலைவில் உள்ள சிங்கப்பூர், சென்னையின் முகப்பேர், அம்பத்தூர், ஆவடி போன்ற புறநகர்களில் வாழும் குடும்பங்கள் முதல் வெளிநாட்டுப் பயணத்துக்கு விரும்பித் தேர்ந்தெடுக்கும் நாடுகளுள் ஒன்றாகும். செந்தோசா தீவு, மரினா பே, 1827இல் நிறுவப்பட்ட மாரியம்மன் கோவில், சிராங்கூன் சாலைக் கடைகள் ஆகியவற்றோடு அப்பயணம் பெரும்பாலும் நிறைவுபெற்றுவிடுகிறது. ஆயினும் ரயில் சன்னலுக்கு வெளியே வரிசை வரிசையாக எழுந்து நிற்கும் அடுக்குமாடிக் குடியிருப்புகளே முகப்பேர்வாசிகள் நின்று நிதானமாகக் காணவேண்டியவை. எளிய மக்களுக்கு வீடு கிடைக்கச் செய்வது எப்படி என்ற ஒரே கேள்விக்கு இவ்விரு ஊர்களும் வெவ்வேறு விடைகளைக் கண்டன.

சிங்கப்பூரில் 'வீவக' என்று சுருக்கி அழைக்கப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960இல் தோன்றியது. மறு ஆண்டு மே மாதம் புக்கிட் ஹோ சுவீ குடிசைப் பகுதியில் பரவிய பெருந்தீ ஏறத்தாழ 16,000 பேரை வீடிழக்கச் செய்தபோது, அவர்களுக்காக அக்கழகம் விரைந்து எழுப்பிய அடுக்குமாடிகளே அதன் திறனை மக்களுக்கு உணர்த்தின. 1966இல் இயற்றப்பட்ட நில எடுப்புச் சட்டம் கட்டுமானத்துக்குத் தேவையான நிலத்தை அரசின் கைக்குக் கொண்டுவந்தது. ஊழியரும் முதலாளியும் மாதந்தோறும் பணம் செலுத்தும் மத்திய சேம நிதியிலிருந்து வீட்டுக்கான தொகையை எடுத்துக்கொள்ளலாம் என்ற 1968ஆம் ஆண்டு ஏற்பாடு தொழிலாளரையும் வீட்டு உரிமையாளராக்கியது. இன்று அந்நாட்டில் நிலையாக வாழ்வோரில் பத்துக்கு ஏறக்குறைய எட்டுப் பேர் இவ்வகை வீடுகளில்தான் குடியிருக்கிறார்கள்.

தமிழ்நாடு வீட்டுவசதி வாரியமும் ஏறத்தாழ அதே காலத்தில், 1961இல், அமைக்கப்பட்டதுதான். உலக வங்கியின் கடனுதவியோடு சென்னையில் நிறைவேறிய 'மனையும் அடிப்படை வசதிகளும்' என்னும் திட்டத்தின்கீழ் முகப்பேரின் பெரும்பகுதி 1980களில் உருவாயிற்று. முழு வீட்டையும் கட்டித் தராமல், சாலை, குடிநீர், கழிவுநீர் வசதி செய்யப்பட்ட மனையை மட்டும் அளித்து, வருவாய் உயர உயர மக்களே வீட்டை வளர்த்துக்கொள்ளட்டும் என்பதே அத்திட்டத்தின் அடிப்படையாகும். பெரிய மனைகளை விற்றுக் கிடைத்த தொகை சிறிய மனைகளின் விலையைக் குறைக்க உதவியதால், குறைந்த வருவாயினரும் நடுத்தர வகுப்பினரும் அடுத்தடுத்த தெருக்களில் குடியேறினர்.

முகப்பேரின் திட்டம் வருவாய் வேறுபாட்டைக் கடந்து மக்களைக் கலந்து வாழச் செய்தது என்றால், சிங்கப்பூர் இன வேறுபாட்டைக் கடக்க முயன்றது. 1989 முதல் ஒவ்வோர் அடுக்குமாடியிலும் சீனர், மலாய்க்காரர், இந்தியர் முதலியோர் எவ்வளவு விகிதம் வரை இருக்கலாம் என்பதற்கு வரம்பு விதிக்கப்பட்டதால், ஒரே அடுக்குமாடியில் மூவினத்தாரும் அண்டை வீட்டாராக வாழ்கின்றனர். சுவர்களால் அடைக்கப்படாமல் பொதுவெளியாக விடப்பட்ட தரைத்தளத்தில் முதியோர் கூடிப் பேசுகிறார்கள். மலாய்த் திருமணமும் சீனர் இறுதிச் சடங்கும் அங்கேயே நடைபெறுகின்றன.

இரு விடைகளிலும் நிறையும் குறையும் உண்டு. வீவக வீடு 99 ஆண்டுக் குத்தகைக்கு உட்பட்டது என்பதால், குத்தகைக் காலம் குறையக் குறைய அதன் மதிப்பும் தேயுமோ என்ற கவலை அங்கே எழுந்துள்ளது. முகப்பேரில் மனைக்கு உரியவர் தம் வசதிக்கேற்ப மாடி எழுப்பிப் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லலாம். ஆனால் ஒவ்வொருவரும் தனித்தனியே கட்டிக்கொண்டே போகும்போது, வண்டி நிறுத்துமிடம், நடைபாதை, மழைநீர் வடிகால் போன்ற பொதுத் தேவைகள் நெருக்கடிக்கு உள்ளாகின்றன.

ஆகவே சிங்கப்பூர் செல்லும் குடும்பம் ஒரு காலைப் பொழுதையேனும் தோ பாயோ போன்ற பழைய குடியிருப்பு நகரொன்றுக்கு ஒதுக்கி, அங்குள்ள உணவங்காடியில் உண்டு, தரைத்தளங்களின் வழியே பிள்ளைகளுடன் நடந்து பார்ப்பது பயனளிக்கும். ஒரு நகரத்தின் சிறப்பைச் சாதாரண மக்களின் குடியிருப்பைக் கொண்டு அளக்கப் பழகும் பிள்ளைகள், தங்கள் தெருவின் நடைபாதையும் வடிகாலும் பூங்காவும் எப்படி இருக்கவேண்டும் என்று கேட்கத் தெரிந்த குடிமக்களாக வளர்வார்கள்.