கமச் செலவைக் கணினியிற் கூட்டும் சுருக்குவழி

கமக்காரர் தம் விளைபொருளை விற்குமுன், ஒரு கிலோவை விளைவிக்கச் சென்ற செலவை அறிந்திருத்தல் வேண்டும். அதனை அறியாதார் நட்டத்திற்கு விற்றும் இலாபம் பெற்றதாக எண்ணுவர். கணினியின் எக்செல் விரிதாளில் இக்கணக்கை விரைவிற் செய்யலாம்.

செலவின் பெயரை ஒரு நிரலிலும் தொகையை அடுத்த நிரலிலும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பதிக. கடைசித் தொகையின் கீழுள்ள வெற்றுக் கட்டத்தைத் தெரிந்து, ஆல்ட் விசையை அழுத்தியவாறே சமக்குறி (=) விசையை அழுத்துக. பின்னர் என்டர் விசையை அழுத்த, மொத்தம் தோன்றும்.

இடையில் ஒரு கட்டம் வெறுமையாயின், அதற்குக் கீழுள்ள தொகைகள் மாத்திரமே கூட்டப்படும். உதாரணமாக, உழவு 25,000, விதை 10,000, வீட்டார் உழைப்பு வெற்றிடம், பசளை 25,000, அறுவடை 15,000 ரூபா எனப் பதிந்தால், 75,000 வரவேண்டிய இடத்தில் 40,000 வரும். தொகையுடன் 'ரூபா' என்று எழுதினும் இத்தவறே நேரும்.

வீட்டாருக்குக் கூலி கொடுப்பதில்லையென அவ்வுழைப்பைக் கணக்கில் விடுதல் தகாது. பிறருக்குக் கொடுக்கும் கூலிப்படி அது 21,000 ரூபாவெனின், அதனைப் பதிந்து, பழைய மொத்தத்தை அழித்து, மீண்டும் கூட்டுக. மொத்தம் 96,000 ஆகும். விளைவு 1,600 கிலோவாயின், வேறொரு கட்டத்தில் =96000/1600 என எழுதி என்டர் விசையை அழுத்துக. விடை 60. கிலோ 60 ரூபாவிற்குக் குறைத்து விற்றால் நட்டமே.

ஆதலால், விலை பேசுமுன் உங்கள் செலவுக்கணக்கைக் கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.