ஒரு நெருப்பு, மூன்று இராச் சாப்பாடு

புதுக்கடையில் வாடகை அறையொன்றில் இருக்கும் குடும்பத்திற்கு மாலை ஆறரை மணி கடினமான நேரம். வேலைக்குப் போனவர் பஸ்ஸில் தொங்கி வந்து சேருகின்றார். பிள்ளைகள் ரியூசன் முடிந்து பசியோடு நிற்கின்றனர். இருப்பது ஒற்றை அடுப்பு. அந்நேரம் பார்த்து அப்துல் ஹமீத் வீதிப் பக்கமிருந்து கொத்துரொட்டித் தகட்டின் சத்தம் கேட்கத் தொடங்குகின்றது. "இன்றைக்கு மட்டும் கடையில் எடுப்போம்" என்று ஆரம்பிப்பது கிழமையில் மூன்று நாளாகி விடுகின்றது. வாடகைக்கு ஒதுக்கிய பணம் எங்கே கரைந்தது என்று மாத முடிவில் தேடுகின்றோம்.

1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 ஒக்டோபரில் வலிகாமத்தின் ஏனைய பகுதிகளிலிருந்தும், 2008, 2009 ஆம் ஆண்டுகளில் வன்னியிலிருந்தும் எழும்பி வந்த குடும்பங்களில் ஒரு பகுதியினர் கொழும்பிலேயே தங்கி விட்டனர். இவர்கள் ஊரில் சமைத்த முறை வேறு. வயலுக்குப் போகும்போது தணலின் மேல் சட்டியை ஏற்றிவிட்டுப் போவார்கள். திரும்பி வரும்போது கறி தானாகவே வெந்திருக்கும். விறகும் தணலும் வீட்டிலேயே இருந்தன. அதற்கென்று எவரும் காசு கொடுக்கவில்லை. இங்கு தணல் இல்லை. காஸ் சிலிண்டர்தான் இருக்கின்றது. 2021 ஒக்டோபர் வரை 1493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ சிலிண்டர் 2022 ஏப்ரலில் 4860 ரூபாவுக்கு உயர்ந்ததை நாம் மறந்துவிடவில்லை. அக்காலத்தில் வெற்றுச் சிலிண்டரோடு இரவிரவாக வரிசையில் நின்றவர்கள் எம்மில் பலர்.

ஆகவே, காஸைக் கொஞ்சமாக எரித்து, தணலில் வேகும் கறியைக் கொழும்பு அறையில் எப்படிச் சமைக்கலாம் என்பதை இங்கு விளக்க விரும்புகின்றோம். உதாரணத்துக்குப் பன்றி இறைச்சியை எடுத்துக்கொள்கின்றோம். இம்முறைக்கு மிகவும் பொருந்துவது அதுதான். பன்றி உண்ணாத குடும்பங்கள் பல உண்டு என்பது எமக்குத் தெரியும். அவர்களுக்கும் வழி இருக்கின்றது. அதைப் பின்னர் சொல்வோம்.

எந்த இறைச்சி, ஏன்?

கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் பன்றி இறைச்சி விற்கும் கடைகளில் கொழுப்பில்லாத துண்டுக்கே பலரும் கை நீட்டுவார்கள். நீங்கள் முன்னங்கால் தோள்பட்டைப் பகுதியைக் கேளுங்கள். நாளெல்லாம் நடந்து உழைத்த தசை அது. நாரும் சவ்வும் கொழுப்பும் கலந்திருக்கும். அவசர நெருப்பில் போட்டால் செருப்புத் தோல் மாதிரி இருக்கும். அதே துண்டை மெல்லிய சூட்டில் பல மணித்தியாலம் விட்டால், அகப்பைக் காம்பால் அழுத்தியவுடன் நார் நாராகப் பிரியும்.

இதற்குக் காரணம் சவ்வில் இருக்கும் கொலாஜன் என்னும் பொருள். ஏறக்குறைய 70 பாகை செல்சியசுக்கு மேல் அது மெல்ல இளகி, ஜெலற்றின் என்னும் வழுவழுப்பான கூழாக மாறுகின்றது. இதற்கு வேண்டியது நேரமேயன்றிப் பெரும் நெருப்பு அல்ல. தண்ணீர் தளதளவென்று கொதித்தாலும் இலேசாகக் கொதித்தாலும் அதன் சூடு 100 பாகையைத் தாண்டுவதில்லை. அடுப்பைக் கூட்டி வைத்தால் ஆவியும் காசும் போகுமே தவிர இறைச்சி சீக்கிரம் இளகாது. சட்டியை 80, 90 பாகையில் நிறுத்தி வைக்க முடிந்தால் அடுப்பே தேவையில்லை. தணலும் சாம்பலும் ஊரில் செய்தது அதைத்தான்.

புளியும் காரமும்

இலங்கையின் மேற்குக் கரையில், ஜாஎல, நீர்கொழும்பு தொடங்கிச் சிலாபம் வரை, பன்றி வளர்ப்பும் பன்றிக் கறியும் பழகிய விடயங்கள். நத்தார்க் காலத்தில் அங்குள்ள கத்தோலிக்க வீடுகளில் கறுத்த பன்றிக் கறி வைப்பார்கள். அதன் உயிர் கொறுக்காய்ப்புளியில் இருக்கின்றது. கொழும்பில் "கொறக்கா" என்று கேட்டால் எந்தக் கடையிலும் தருவார்கள். காய்ந்து கறுத்த அந்தச் சுளை கொழுப்பின் திகட்டலை அறுக்கின்றது. கறி பழுதாவதையும் ஓரளவு பிற்போடுகின்றது. இந்தியாவில் குடகு நாட்டவரும் இதே இனப் பழத்தின் சாற்றைக் காய்ச்சி, கச்சம்புளி என்னும் கறுத்த காடியாக்கித் தங்கள் பன்றிக் கறியில் சேர்க்கின்றனர். கோவாவில் வினாகிரி சேர்த்த பன்றிக் கறியைப் பெருநாளுக்குச் சில நாள் முன்னரே சமைத்து வைப்பார்கள். (வினாகிரி, பாண் என்னும் இரு சொற்களும் போர்த்துக்கேயர் விட்டுச் சென்றவை.) கடலுக்கு அப்பால், மெக்சிகோவில் குழி தோண்டிப் புதைத்து வேகவைக்கும் பன்றியில் புளித்த தோடையின் சாறு சேர்கின்றது. பன்றி, புளி, நீண்ட நேரம் ஆகிய மூன்றும் இப்படிப் பல நாடுகளில் ஒன்றாகவே காணப்படுகின்றன.

ஒரு கிலோ இறைச்சிக்குக் கொறுக்காய் நாலைந்து சுளை போதும். கழுவி, சுடுநீரில் ஊறவைத்து, உள்ளி, இஞ்சி, மிளகு, உப்பு ஆகியவற்றோடு அரையுங்கள். வறுத்த கறித்தூள் மூன்று மேசைக்கரண்டி, கறுவாப் பட்டை ஒரு துண்டு, ஏலம், கராம்பு, கறிவேப்பிலை, ரம்பை இலை ஆகியவற்றையும் சேர்த்து இறைச்சியில் பூசி அரை மணித்தியாலம் வையுங்கள். கொறுக்காய் கடும் புளி. ஆகையால் அலுமினியப் பாத்திரத்தில் ஊறவிட வேண்டாம். இறைச்சியைக் கறிக்கு வெட்டுவது போலச் சிறிதாக வெட்டாமல், உள்ளங்கை அளவாக நாலைந்து துண்டாக்கினால் போதும். தேங்காய்ப்பால் இப்போது சேர்க்கக் கூடாது. பால் சேர்ந்த கறி விரைவில் பழுதாகும்.

தணலுக்குப் பதிலாக ஒரு பெட்டி

மீன் ஏற்றி வரும் றெஜிபோம் பெட்டியொன்றை வாங்கிக் கழுவிக் காயவையுங்கள். அது கிடைக்காவிட்டால் தடித்த காட்போட் பெட்டியும் சரி. அடியில் ஒரு சாண் உயரத்திற்குப் பழந்துணி, சாக்கு, பஞ்சுத் தலையணை ஏதாவது பரப்புங்கள். உலக யுத்த காலங்களில் ஐரோப்பியக் குடும்பங்கள் எரிபொருளைச் சேமிக்க வைக்கோல் நிரப்பிய பெட்டியில் இவ்வாறே சமைத்தன. வைக்கோலின் இடைவெளியில் அடைபட்ட காற்றுத்தான் சூட்டைக் காக்கின்றது. அது துணிக்கும் பொருந்தும்.

பிடி நீளாத, இறுக்கமான மூடியுள்ள எவர்சில்வர் பாத்திரமொன்றில் இறைச்சியை இட்டு, மூடும் அளவு தண்ணீர் ஊற்றுங்கள். பாத்திரம் முக்கால்வாசிக்கு மேல் நிறைந்திருக்க வேண்டும். குறைப் பாத்திரம் சீக்கிரம் ஆறும். கொதி வந்த பின் 25 நிமிடம் மூடியபடி கொதிக்கவிடுங்கள். இடையில் மூடியைத் திறந்து பார்க்கும் ஆசையை அடக்குங்கள். பின்னர் அடுப்பை அணைத்து, பாத்திரத்தைத் தடித்த துவாயில் சுற்றிப் பெட்டிக்குள் இறக்கி, நாற்புறமும் மேலும் துணியால் அடைத்து மூடுங்கள். அடுப்பு அணைந்தபின்தான் பெட்டியைக் கிட்டக் கொண்டுவர வேண்டும்.

முதல் தடவை நாங்கள் துவாய் சுற்றாமலே பாத்திரத்தைப் பெட்டிக்குள் வைத்தோம். றெஜிபோம் உருகி, பாத்திரத்தின் அடி வட்டமாகப் பதிந்துவிட்டது. துணியும் போதாமல் விட்டோம். ஐந்து மணித்தியாலம் கழித்துத் திறந்தபோது குழம்பு கை பொறுக்கும் சூட்டில் இருந்தது. ஒரு கிலோ இறைச்சியை அப்படியே கொட்ட வேண்டியதாயிற்று. மனம் கேட்கவில்லைத்தான். ஆனால் 60 பாகைக்குக் கீழே இறங்கி மணிக்கணக்கில் கிடந்த இறைச்சியில் கிருமி பெருகியிருக்கும். சில கிருமிகள் விடும் நஞ்சு மறுபடி கொதித்தாலும் போகாது.

அதன்பின் நாங்கள் ஒரு முறையைக் கடைப்பிடிக்கின்றோம். மூன்று மணித்தியாலம் முடிந்ததும் பாத்திரத்தை எடுத்து, பத்து நிமிடம் மறுபடி கொதிக்கவைத்துப் பெட்டிக்குள் திரும்ப வைக்கின்றோம். அப்போது ஆவி பறக்கும் சூட்டில் அது இருக்க வேண்டும். கைக்கு இதமாக இருந்தால் பெட்டி சரியில்லை என்று அர்த்தம். மேலும் மூன்று மணித்தியாலம் சென்றபின் கடைசிப் பத்து நிமிடக் கொதி. ஆக மொத்தம் முக்கால் மணித்தியால நெருப்பு. அடுப்பிலேயே வைத்திருந்தால் மூன்று மணித்தியாலமாவது எரிந்திருக்கும். பிரஷர் குக்கர் உள்ளவர்கள் ஏறக்குறைய ஒரு மணித்தியாலத்தில் முடித்துக்கொள்ளலாம். அதுவும் நல்ல வழியே.

வெந்த துண்டுகளை அகலத் தட்டில் போட்டு, இரண்டு முள்ளுக்கரண்டியால் எதிரெதிராக இழுத்துப் பிய்த்து விடுங்கள். எலும்பும் தடித்த தோலும் கழியட்டும். குழம்பைப் பாதியாக வற்றவைத்து, பிய்த்த இறைச்சியை அதில் பிரட்டுங்கள். ஒரு கிலோ இறைச்சி ஏறக்குறைய 650 கிராமாகக் குறைந்திருக்கும். ஐந்து பேருக்கு மூன்று இரவென்றால் ஆளுக்கு ஒரு நேரம் 40 கிராம் சொச்சந்தான். கேட்கக் கொஞ்சமாகத் தோன்றும். ஆனால் பிய்த்த இறைச்சி துண்டு இறைச்சியைப் போல எண்ணப்படுவதில்லை. அது சோற்றிலும் மரக்கறியிலும் பரவி நிற்கும். யாருக்குப் பெரிய துண்டு என்ற சண்டையும் இல்லை.

மூன்று இரவுகள்

ஞாயிறு இரவு குத்தரிசிச் சோறு, பருப்பு, கங்குன் வறை ஆகியவற்றோடு ஒரு பங்கைச் சாப்பிடுங்கள். பால் விரும்பினால் அந்தப் பங்குக்கு மட்டும் சேருங்கள்.

திங்கள் இரவுக்குக் கடையில் இடியப்பம் வாங்கி உதிர்த்துக்கொள்ளுங்கள். கோவா, கரட், லீக்ஸ் மெல்லியதாக அரிந்து, கறியின் மேல் உறைந்து நிற்கும் கொழுப்பில் ஒரு கரண்டியைத் தாச்சியில் உருக்கி வதக்குங்கள். எண்ணெய் வேண்டாம். இரண்டாவது பங்கு இறைச்சியையும் போட்டு நன்றாகச் சூடேறியபின் இடியப்பத்தைக் கொட்டிப் பிரட்டினால், கால் மணித்தியாலத்தில் வீட்டுக் கொத்து தயார். பிள்ளைகள் கடைக் கொத்தை மறந்துவிடுவார்கள் என்று பொய் சொல்ல மாட்டோம். ஆனால் கோப்பை காலியாகும்.

செவ்வாய் இரவு ரொட்டி சுட்டோ பாண் வாங்கியோ, இறைச்சியை வெங்காயம், பச்சைமிளகாயோடு தாச்சியில் ஓரம் முறுகும்வரை பிரட்டி, தேசிக்காய்ப் புளி விட்டு உள்ளே வைத்துக் கொடுக்கலாம். அவித்த மரவள்ளிக்கிழங்கு கிடைத்தால் அதுவே எமது தெரிவு.

வைத்திருப்பதும் அயலவரும்

மேலே சொன்ன மூன்று நாள் கணக்கு குளிர்சாதனப் பெட்டி உள்ள வீட்டுக்கே பொருந்தும். கறியை ஆழமான சட்டியில் விட்டுவைத்தால் நடுப்பகுதி ஆறப் பல மணித்தியாலம் எடுக்கும். ஆகையால் தட்டையான ஏதனத்தில் பரப்பி, இரண்டு மணித்தியாலத்துக்குள் குளிரில் வையுங்கள். எடுக்கும்போது ஒரு பங்கை மட்டும் எடுத்து ஆவி பறக்கச் சூடாக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டி இல்லையென்றால் அரைக் கிலோவுக்கு மேல் சமைக்காமல் அன்றிரவே முடித்து விடுங்கள். "ஊரில் நாள்தோறும் சுடவைத்துச் சாப்பிட்டோமே" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது நீர் வற்றி, உப்பும் புளியும் புகையும் ஏறிய கறி. இது ஈரக் கறி.

புதுக்கடையில் முஸ்லிம் குடும்பங்கள் செறிவாக வாழ்கின்றன. ஒரே குழாய், ஒரே முற்றம், சிலவேளை ஒரே குளிர்சாதனப் பெட்டி. அங்கு பன்றி சமைப்பது வீட்டுக்காரரின் விருப்பத்தையும் அயலவரின் மனத்தையும் சார்ந்த விடயம். பொதுவான பாத்திரம், பொதுவான குளிர்சாதனப் பெட்டி ஆகியவற்றைத் தவிர்ப்பது முறை. வெள்ளவத்தையில் மாமிசமே சமைக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு வாடகைக்கு விடும் வீடுகளும் உண்டு. இவ்விடங்களில் உள்ளவர்கள் பிஞ்சுப் பலாக்காயைப் பெட்டிக்குள் வையுங்கள். சிங்களக் கிராமங்களில் பொலஸ் என்னும் இக்கறியைத் தணலில் இரவு முழுக்க விட்டுச் சிவக்கவைப்பார்கள். கொறுக்காயும் மசாலையும் அதேதான். பிய்த்தால் இறைச்சி போலவே நாராக வரும். பால் சேர்த்தால் அன்றன்றே முடிக்க வேண்டும். ஆட்டிறைச்சிக்கும் மாட்டிறைச்சிக்கும் பெட்டி முறை அப்படியே பொருந்தும்.

இறைச்சி வாங்கும்போது பரிசோதனைக்கு உட்பட்ட இறைச்சி விற்கும் கடையிலேயே வாங்குங்கள். அரைகுறையாக வெந்த பன்றியில் நாடாப்புழு இருக்கக்கூடும். உள்வரை நன்றாக வெந்தால் அது இறந்துவிடும். 2024 இன் பிற்பகுதியில் மேல் மாகாணப் பண்ணைகளில் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பரவியபோது பலர் இறைச்சிக்கே பயந்தனர். அந்நோய் மனிதருக்குத் தொற்றுவதில்லை, பன்றிக்குத்தான் எமன். காணி திரும்பக் கிடைத்தால் பன்றி வளர்க்கலாம் என்று எண்ணியிருப்போர் இதைக் கவனத்தில் எடுக்க வேண்டும்: கடைகளிலும் வீடுகளிலும் சேரும் எச்சில் உணவைப் பச்சையாகப் பன்றிக்குப் போடுவது நோயைப் பண்ணைக்குள் அழைக்கும் வழிகளில் ஒன்று. போடத்தான் வேண்டுமென்றால் அரை மணித்தியாலமாவது கொதிக்கவைத்து ஆறவிட்டுப் போடுங்கள்; பன்றி இறைச்சி கலந்த எச்சிலை அப்படியும் போடாதீர்கள்.