ஆயிரம் நாட் பாதை

முதியவர் ஒருவர் தாம் பெற்ற பிள்ளையின் பெயரை மறந்தால், "வயது போய்விட்டது" என்று சொல்லி அமைந்துவிடுவது நம்மவர் வழக்கம். இவ்வமைதியை நான் ஏற்பதில்லை. ஒத்த வயதினர் பலர் நல்ல நினைவோடிருக்க, சிலர்க்கு மட்டும் நேர்வதை நோயென்றே கொள்ளல் வேண்டும். அந்நோய் நரம்புக் கலத்தில் எதனைக் குலைக்கின்றது என்பதையே ஈண்டுச் சொல்லப் புகுந்தேன்.

1906ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ஜெர்மனியின் தியூபிங்கன் நகரிற் கூடிய மனநோய் வைத்தியர் சபையிலே அலோய்ஸ் அல்சைமர் ஒரு பெண்ணின் வரலாற்றைக் கூறினார். ஆகுஸ்த டீற்றர் என்னும் அவ்வம்மையார் 51ஆம் வயதிற் பிராங்பேர்ட் வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்டவர். தம் பெயரையும் எழுதி முடிக்க மாட்டாது தடுமாறியவர். அவர் இறந்தபின் மூளையை வெள்ளி உப்பினாற் சாயமூட்டி நோக்கியபோது, கலங்களினுள்ளே முறுக்குண்ட இழைச் சிக்குகள் கருமையாய்த் தோன்றின. சிலவிடத்துக் கலம் அழிந்தொழிய, சிக்கு மட்டும் எஞ்சிக் கிடந்தது. அல்சைமர் பேசி முடித்தபின் சபையோர் ஒரு வினாவும் எழுப்பவில்லை.

அச்சிக்கு எதனால் ஆயது என்பது 1980களின் நடுவிலேதான் தெளிவாயிற்று. அதனை விளங்கிக்கொள்ள நரம்பின் அமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். நரம்புக் கலத்தின் உடல் மிகச் சிறியது. அதிலிருந்து புறப்படும் அக்சன் என்னும் இழையோ நெடியது. முண்ணாணிலிருந்து பாதம்வரை செல்வது ஏறத்தாழ ஒரு மீற்றர் நீளும். இழைக்கு வேண்டிய புரதங்களிற் பெரும்பாலன கலவுடலிலே ஆக்கப்பட்டு அனுப்பப்படுவன. அவை செல்லும் பாதை நுண்குழாய் எனப்படும். அதன் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் 40,000இல் ஒரு பங்கு. சுமை தூக்கி அதன்மேல் நடக்கும் கைனெசின் என்னும் புரதம் 1985இற் கணவாயின் நரம்பை ஆராய்ந்தபோது கண்டறியப்பட்டது.

வாசகர் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டுகிறேன். விரைவான சுமை நாளொன்றுக்கு 400 மில்லிமீற்றர்வரை செல்லும். பாதம் சேர இரண்டரை நாள். பாதையையே ஆக்கும் புரதங்களோ நாளுக்கு ஒரு மில்லிமீற்றர் அளவிலேயே ஊர்வன. அவற்றுக்கு ஆயிரம் நாள்! வண்டி விரைந்தோட, வீதி போடும் கல் மட்டும் மூன்றாண்டு நடந்து வருகின்ற ஊரை எண்ணிப் பாருங்கள்.

இப்பாதையைக் குலைக்கும் நஞ்சொன்று நம் வேலிகளிலேயே படர்கின்றது. கார்த்திகைப் பூக்கொடியின் கிழங்கிலுள்ள கொல்சிசீன், நுண்குழாயை ஆக்கும் தியூபுலின் என்னும் புரதத்தைப் பற்றிக்கொள்வது. ஆய்வுசாலையில் நரம்புக்கு அதனை ஊட்டியபோது சுமைப் போக்குவரத்து நின்றது. 1960களில் தியூபுலின் அடையாளங் காணப்பட்டதும் கொல்சிசீன் ஒட்டும் பொருளாகவே.

நோயுற்ற மூளையிற் குலைப்பது வெளிநஞ்சன்று. நுண்குழாயோடு ஒட்டி நிற்கும் டௌ என்னும் புரதம் அளவிறந்த பொசுபேற்றை ஏற்றுக் கழன்று, தன்னோடு தானே திரண்டு சிக்காகின்றது. அல்சைமர் கண்டது இதனையே. கலங்களுக்கு வெளியே அமிலோயிட் என்னும் படிவையும் அவர் கண்டார். ஆராய்ச்சியாளர் நெடுங்காலம் பெரிதும் நாடியது அதனைத்தான். ஆயினும் அறிவு மங்கும் அளவு சிக்கின் பெருக்கத்தோடேயே நெருங்கிப் பொருந்துகின்றது. டௌவின் மரபணுப் பழுது மட்டுமே மூளையை அழிக்கப் போதும் என்பதும் சில குடும்பங்களை ஆராய்ந்து 1998இல் அறியப்பட்டது. பாதையைக் கவனியாத வைத்தியம் அரைவைத்தியம் என்பது என் துணிபு.

தசைகள் மெலிந்தொடுங்கும் இயக்க நரம்பு நோயிலும் இப்பாதை சிதைகின்றது. அக்சனுக்கு உள்ளெலும்பு போன்ற நரம்புநார்களின் துண்டுகள் இரத்தத்திற் கசிவதை இன்று அளக்கலாம். அந்நோயின் மரபுவழி வகையொன்றுக்கான தொபெர்சன் என்னும் மருந்து அக்கசிவை ஏறத்தாழ அரைவாசியாகக் குறைத்தது. அதுகண்டே 2023இல் அமெரிக்கா அனுமதி வழங்கிற்று. 2022இல் வெளியான பரிசோதனை முடிவிலோ, 28 வாரத்தில் நோயாளரின் இயக்கத்தில் ஐயமற்ற பயன் காணப்படவில்லை. வகுத்த அளவுகோலின்படி அது தோல்வியே. ஆனால் 28 வாரம் என்பது 196 நாள். நாளுக்கு ஒரு மில்லிமீற்றர் ஊரும் கல் அதற்குள் ஒரு சாண் தூரமும் கடந்திராது.