சுவர் முழுக்கக் கண்ணாடி: கழற்றுவதா, மூடுவதா?

ஹால் பெரிதாகத் தெரியட்டும் என்று ஒரு காலத்தில் சுவர் முழுக்கக் கண்ணாடி பதித்தார்கள். பழைய ஃபிளாட் வாங்குவோருக்கு இன்று அதுவே தலைவலி. ‘சுத்தியலால ரெண்டு தட்டு தட்டினா போச்சு’ என்று இறங்கினால் ஆபத்து.

எவ்வளவு எடை?
5 மி.மீ. தடிமன் உள்ள கண்ணாடி, சதுர மீட்டருக்கு 12.5 கிலோ. 6-க்கு 4 அடி என்றால் சுமார் 28 கிலோ. உடைந்தால் கத்தி போன்ற துண்டுகளாகச் சரியும்.

கழற்றுவது எப்படி?
கிளிப், ஸ்க்ரூவில் நிற்கிறதென்றால் இருவர் தாங்கிப் பிடித்துக் கழற்றலாம். பசையில் ஒட்டியிருந்தால் முழுதாக வருவது அரிது. சிமென்ட் பூச்சும் பெயரும். முன்பக்கம் முழுக்க டேப் ஒட்டி, கையுறை, ஷூ, காகிள்ஸ் போட்டுத்தான் தொட வேண்டும். கண்ணாடிக் கடை ஆளிடம் விடுவதே நல்லது. பூச்சு வேலைக்கும் பணம் ஒதுக்குங்கள்.

மூடினால் போதுமா?
வாடகை வீட்டுக்குத் திரைச்சீலையோ, உரித்தெடுக்கும் வினைல் ஸ்டிக்கரோ போதும். சொந்த வீட்டில் பிளைவுட் பேனல் அடிக்கலாம். அதன் சட்டம் சுவரில் நிற்க வேண்டும், கண்ணாடியில் அல்ல.

ஓரங்களில் கருப்பு படர்ந்திருக்கிறதா? ஈரம் பின்பூச்சை அரித்திருக்கலாம். அந்தச் சுவருக்குப் பின்னால் பாத்ரூம் இருந்தால் கசிவைப் பார்த்துச் சரிசெய்த பிறகே மூடுங்கள். இல்லாவிட்டால் புது பிளைவுட்டும் உப்பிப் போகும்.