எத்தனால் கலந்த பெட்ரோல்: கொஞ்சம் தண்ணீர், கொஞ்சம் கணக்கு

அப்பாவிடம் 2009ல் வாங்கிய கார்புரேட்டர் பைக் ஒன்று இருக்கிறது. போன ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒன்றரை மாதம் வெளியிலேயே நின்றது. அப்புறம் ஸ்டார்ட் ஆகவே இல்லை. மெக்கானிக் டேங்கில் இருந்ததை ஒரு பாட்டிலில் பிடித்துக் காட்டினார். அடியில் நான்கு விரல் உயரத்துக்குத் தனி அடுக்கு. "பாருங்க சார், எல்லாம் தண்ணி" என்றார். "பங்க்லயே கலந்து விக்கிறான்" என்று அப்பா தீர்ப்பே எழுதிவிட்டார். அவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வரும் என்று தேடப்போனதுதான் இந்தப் பதிவு.

கீழே இருந்தது வெறும் தண்ணீர் இல்லை. எத்தனால் தண்ணீரோடு எந்த விகிதத்திலும் கலக்கும், பெட்ரோல் கலக்காது. கொஞ்சம் ஈரம் சேர்ந்தால் எத்தனால் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அது இன்ஜினுக்குப் போய் ஆவியாகியும் விடும். அதுவரை நல்லதுதான். எல்லை தாண்டினால் எத்தனால் பெட்ரோலை விட்டுத் தண்ணீரோடு அடியில் இறங்கிவிடும். 5 லிட்டர் இ20ல் 1 லிட்டர் எத்தனால் இருக்கிறது. ஆக, மூடி வழியாக ஒரு டம்ளர் மழைநீர் கசிந்தாலும் அடியில் சேர்வது ஒரு டம்ளரோடு நிற்காது. அப்பாவின் வண்டியில் மூடி ரப்பர் வெடித்திருந்தது. அளவு ஜாடியில் 100 மில்லி பெட்ரோலும் 20 மில்லி தண்ணீரும் குலுக்கி வைத்தால் கீழ் அடுக்கு 40ஐ நெருங்குவதைப் பார்க்கலாம். வீட்டுக்குள் வேண்டாம், அடுப்புப் பக்கம் வேண்டவே வேண்டாம்.

இனி எல்லோரும் புலம்பும் மைலேஜ். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் ஆற்றல், எத்தனாலில் சுமார் 21. அதாவது மூன்றில் ஒரு பங்கு குறைவு. 20 சதவீதம் கலந்தால் மொத்தத்தில் ஏறக்குறைய 7 சதவீதம் போச்சு. ஏற்கெனவே 10 சதவீதக் கலப்பில் ஓடிய வண்டிக்கு இப்போது கூடுதலாக 3 அல்லது 4. லிட்டருக்கு 10 கிலோமீட்டர் குறைந்துவிட்டது என்பவர்கள் டயர் காற்றையும் பார்க்கலாம்.

அந்த இழப்பை ஈடுகட்ட எத்தனாலிடமே ஒரு வழி உண்டு: ஆக்டேன். சாதாரண பெட்ரோல் 91 என்றால் இ20 சுமார் 95. இன்ஜினில் அழுத்த விகிதத்தைக் கூட்டி வடிவமைத்தால் இழந்ததில் பெரும்பகுதியைத் திரும்பப் பிடிக்கலாம். இ20க்கு ஏற்ப டியூன் செய்த கார்களுக்கு இழப்பு 1 முதல் 2 சதவீதம்தான் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கை சொல்கிறது. பழைய கார்களுக்கு 6 முதல் 7. எனக்கு உறுத்துவது இதுதான். பழைய இன்ஜினுக்கு அந்த ஆக்டேனால் பைசா பிரயோஜனம் இல்லை. கார்புரேட்டர் வண்டிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் கலவையில் எரிபொருள் பங்கு குறைந்துவிடும். ஊசித்துளை அளவு மாறாததால் வண்டி அதைத் தானாகச் சரிசெய்யாது. சென்சார் உள்ள புது வண்டி செய்துகொள்ளும்.

அதே அறிக்கை, கலப்பு எரிபொருளின் விலை குறைவாக இருக்கவேண்டும் என்றும் சொன்னது. நடக்கவில்லை. எத்தனால் கொள்முதல் விலையே லிட்டர் 71 ரூபாய்க்கு மேல் ஏறிவிட்டது என்பது 2025ல் அரசு தந்த விளக்கம். கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி செய்யும் நாட்டுக்கு இந்தத் திட்டத்தின் தேவை புரிகிறது. பில் யாருக்குப் போகிறது என்பதே கேள்வி. பிரேசிலில் 1975லேயே தொடங்கிவிட்டார்கள். அங்கும் கலப்பில்லாத பெட்ரோல் கிடையாது, இப்போது 30 சதவீதம். ஆனால் பக்கத்துக் குழாயிலேயே தனி எத்தனாலும் கிடைக்கும். அதன் விலை பெட்ரோல் விலையில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மக்கள் அதைப் போட்டுக்கொள்கிறார்கள். இரண்டிலும் ஓடும் கார்கள் அங்கே 2003லிருந்தே உண்டு.

இன்னொரு பில் நாமக்கல்லுக்கு. கரும்புக்குத் தண்ணீர் அதிகம் என்று மக்காச்சோளத்துக்கு மாறினோம், அது கோழித்தீவனம். ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நாம் 2024ல் மக்காச்சோளம் இறக்குமதி செய்தோம். இது தனிப் பதிவுக்கான விஷயம்.

அப்பாவின் வண்டிக்கு மூடி ரப்பரும் பெட்ரோல் டியூபும் மாற்றியாச்சு. நீண்டநாள் நிறுத்துவதென்றால் டேங்கைக் காலி செய்யுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். அவர் வேறு பங்க்குக்கு மாறிவிட்டார்.