1994-இன் வைரஸ், 2007-இன் லேப்டாப்

வைரஸ் வரலாறு – தொடர் 12

2007 செப்டம்பரில், ஜெர்மனியிலும் டென்மார்க்கிலும் ஆல்டி கடைகளில் மெடியான் நிறுவனத்தின் லேப்டாப்கள் விற்பனைக்கு வந்தன. புத்தம் புது இயந்திரம். அந்த ஆண்டுதான் கடைகளுக்கு வந்திருந்த விண்டோஸ் விஸ்டா. கூடவே புல்கார்ட் ஆன்டிவைரஸ். வாங்கிப்போய் இயக்கியவர்களுக்கு ஓர் எச்சரிக்கை காத்திருந்தது. கணினியில் ‘ஸ்டோன்ட் ஏஞ்சலினா’ என்ற வைரஸ் இருக்கிறதாம். அது 1994-ஐச் சேர்ந்தது. ஃப்ளாப்பியிலிருந்து கணினியை பூட் செய்யும்போது தொற்றுவது. லேப்டாப்களில் ஃப்ளாப்பி டிரைவ் என்பதே அநேகமாக ஒழிந்துபோன காலம் அது.

புல்கார்ட் வைரஸைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டது. ஆனால், அதை நீக்க அதற்குத் தெரியவில்லை.

இந்தக் கதையில் எனக்குப் பெரிதாகப் படுவது அந்தக் கடைசி வரிதான். அதற்கு முன், யாருக்கும் தோன்றக்கூடிய கேள்வியை முடித்துவிடுவோம். சென்ற வாரங்களில் பார்த்த பிரெயினும் ஸ்டோன்டும் எண்பதுகளில் பிறந்தவை. டாஸ் காலத்து 16-பிட் புரோகிராம்களை இன்றைய 64-பிட் விண்டோஸ் இயக்கவே இயக்காது. 1999 ஏப்ரல் 26-இல் ஆசியா முழுக்கக் கணினிகளைச் சாய்த்த சி.ஐ.எச். வைரஸும் விண்டோஸ் 95, 98 வகையறாவைத் தாண்டி வேலை செய்யாது. பிறகு எதற்கு இவற்றையெல்லாம் இன்றைய ஆன்டிவைரஸ் சுமந்துகொண்டிருக்கிறது?

நாம் நினைக்கும் அளவுக்கு அது சுமை இல்லை என்பது ஒரு காரணம். பெல் ஆய்வகத்தில் ஆல்ஃபிரட் அஹோவும் மார்கரெட் கொராசிக்கும் உருவாக்கி 1975-இல் வெளியிட்ட ஒரு தேடல் முறை இருக்கிறது. தேட வேண்டிய பைட் வரிசைகளையெல்லாம் முன்கூட்டியே ஒரே மர வடிவ அட்டவணையாகக் கோத்துவிடுகிறார்கள். ஒரே மாதிரித் தொடங்கும் வரிசைகள் ஒரே கிளையில் சேர்ந்துகொள்ளும். அதன்பின் ஃபைலை முதலிலிருந்து கடைசிவரை ஒரு தடவை படித்தால் போதும். எல்லா வரிசைகளையும் சேர்த்தே தேடியாகிவிடும். பட்டியலில் நூறு இருந்தாலும் பத்தாயிரம் இருந்தாலும் ஃபைலைப் படிக்கும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான். கிளாம்ஏவி போன்ற இலவச ஆன்டிவைரஸ் இன்றும் இந்த முறையைப் பயன்படுத்துகிறது. பட்டியல் வளர வளர மெமரி அதிகம் பிடிக்கும், அது உண்மை. ஆனால், டாஸ் வைரஸ்களை எடுத்துப் போடுவதால் மிச்சமாகும் இடம் கொஞ்சம்தான். எடுத்தபின் அதில் ஒன்று எங்காவது தலைகாட்டிவிட்டால் போகும் மானம் பெரிது. ‘இதை அழித்துவிடலாம்’ என்று கையெழுத்துப் போட எந்த நிறுவனத்தில் யார் முன்வருவார்கள்?

தலைகாட்டத்தான் செய்கின்றன. ஜெர்மனியின் குண்ட்ரெமிங்கன் அணுமின் நிலையத்தில், 2016 ஏப்ரலில், அணு எரிபொருள் தண்டுகளைக் கையாளும் கருவிகளோடு தொடர்புடைய ஒரு கணினியில் கான்ஃபிக்கரும் ராம்நிட்டும் கண்டுபிடிக்கப்பட்டன. கான்ஃபிக்கர் 2008-இல் வந்தது, ராம்நிட் 2010-இல். அந்தக் கணினிக்கு இணைய இணைப்பு கிடையாது. அங்கே அலுவலகக் கணினிகளோடு பயன்படுத்திய, கழற்றி மாட்டும் 18 டிரைவ்களிலும் (பெரும்பாலும் பென் டிரைவ்கள்) வைரஸ் இருந்தது. இணையம் இல்லாததால் விபரீதம் எதுவும் நடக்கவில்லை. அதே காரணத்தால்தான் வெளியே எல்லோரும் மறந்துவிட்ட வைரஸ் உள்ளே பத்திரமாக இருந்தது. நம்மூர் ஜெராக்ஸ் கடைக் கணினியில் பென் டிரைவைச் செருகி, வீட்டுக்கு வந்து பார்த்தால் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அப்டேட் நின்றுபோன இயந்திரத்தைப் பொறுத்தவரை பழைய வைரஸ் என்று ஒன்று கிடையாது.

பழையதை வைத்திருப்பதில் தொந்தரவும் உண்டு. எண்பதுகளின் கடைசியில் வைரஸின் அடையாளம் என்பது சில பைட்டுகள்தான். ‘வைரஸ் புல்லட்டின்’ என்ற மாத இதழ் அவற்றைப் பக்கம் பக்கமாக அச்சிட்டது. வாசகர்கள் அதைப் பார்த்துத் தங்கள் ஸ்கேனரில் தட்டச்சு செய்துகொள்ளலாம். அவ்வளவு சிறிய வரிசையை யாரும் எங்கும் நுழைத்துவிட முடியும். 2014 மே மாதம் அதுதான் நடந்தது. ஸ்டோன்ட் வைரஸின் அடையாள பைட்டுகளை மட்டும் யாரோ பிட்காயின் பரிவர்த்தனைப் பதிவில் சேர்த்துவிட்டார்கள். வைரஸ் இல்லை, அதன் கைரேகை மட்டும். மைக்ரோசாஃப்ட்டின் ஆன்டிவைரஸ் அந்த ஃபைலையே வைரஸ் என்று பிடித்தது. பிட்காயின் பேரேட்டிலிருந்து எதையும் அழிக்க முடியாது. கடைசியில் மைக்ரோசாஃப்ட்தான் தன் ஸ்கேனரைத் திருத்தியது.

இப்போது, புல்கார்டுக்கு வைரஸை நீக்கத் தெரியவில்லை என்ற அந்த வரிக்கு வருகிறேன். கண்டுபிடிப்பது ஒன்று, நீக்குவது வேறொன்று. ஸ்டோன்ட் உட்காருவது ஹார்ட் டிஸ்கின் முதல் செக்டரில், வெறும் 512 பைட் இடத்தில். அங்கிருந்த அசல் பூட் பதிவைத் தூக்கி இன்னொரு செக்டரில் வைத்துவிட்டு, அந்த இடத்தைத் தான் பிடித்துக்கொள்ளும். 1992 மார்ச் 6-ஐ உலகமே நடுக்கத்தோடு எதிர்பார்க்க வைத்த மைக்கலாஞ்சலோ வைரஸ், ஸ்டோன்டிலிருந்து உருவானது. அதுவும் அசலை அதே செக்டரில்தான் கொண்டுபோய் வைக்கும். முதலில் ஸ்டோன்ட் தொற்றிய கணினியில் அடுத்து மைக்கலாஞ்சலோ தொற்றினால் என்ன ஆகும்? முதல் செக்டரில் இருக்கும் ஸ்டோன்டை ‘அசல்’ என்று எடுத்துப்போய், உண்மையான அசலின் மேலேயே எழுதிவிடும். அசல் போயே போய்விட்டது. இது தெரியாத ஆன்டிவைரஸ், ஒளித்துவைத்த ‘அசலை’ மீட்கிறேன் என்று ஒரு வைரஸை எடுத்துவிட்டு இன்னொன்றை அங்கே உட்காரவைக்கும். போதாக்குறைக்கு, டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற அட்டவணையும் அதே 512 பைட்டுக்குள்தான் இருக்கிறது. அதில் கை தவறினால் டிஸ்கில் உள்ள எதையும் விண்டோஸால் படிக்க முடியாது.

ஆகவே எந்த வைரஸ், அதில் எந்த வகை, எதை எங்கே நகர்த்தியது என்று துல்லியமாகத் தெரிந்தால் ஒழிய நீக்கும் வேலையில் இறங்கக் கூடாது. பெயரையும் சில பைட்டுகளையும் பட்டியலில் வைத்திருக்கச் செலவே இல்லை. நீக்கும் முறையைப் புது விண்டோஸ் வரும்போதெல்லாம் மறுபடி எழுதி, பரிசோதித்து வைத்திருக்க ஆள் வேண்டும், நேரம் வேண்டும். முதலில் கைவிடப்படுவது இதுதான். ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் இத்தனை லட்சம் வைரஸ்களைக் கண்டுபிடிப்போம் என்று விளம்பரம் செய்தால், அதில் எத்தனையை நீக்குவீர்கள் என்று நாம் திருப்பிக் கேட்க வேண்டும்.

இந்த அறிவு கட்டாயம் தேவைப்படும் இடம் ஒன்று இருக்கிறது: ஆவணக் காப்பகங்கள். எழுத்தாளர்களும் ஆராய்ச்சியாளர்களும் விட்டுச்சென்ற ஃப்ளாப்பிகளை அங்கே செக்டர் செக்டராக நகல் எடுக்கிறார்கள். பூட் செக்டரில் வைரஸ் இருந்தால் அதுவும் நகலில் அப்படியே வரும். அந்தப் பணிக்கென்றே உருவான பிட்கியூரேட்டர் தொகுப்பில் கிளாம்ஏவியும் சேர்க்கப்பட்டிருப்பது சும்மா அல்ல. அந்த நகல்களைத் திறக்கப் பயன்படும் எமுலேட்டர், டாஸ் காலத்துக் கணினியை அச்சாக நடித்துக் காட்டும்; அதற்குள் டாஸ் வைரஸுக்கு மறுபடி உயிர் வந்துவிடும். 2016-இல் இன்டர்நெட் ஆர்க்கைவ் திறந்த மால்வேர் மியூசியத்தில் பழைய வைரஸ்கள் பிரவுசருக்குள்ளேயே ஓடுகின்றன, நாசம் செய்யும் பகுதிகளைக் கவனமாக நீக்கிய பிறகு. காப்பகத்து நகல்களில் அப்படி யாரும் நீக்கி வைத்திருக்க மாட்டார்கள். வைரஸோடு கூடிய அசல் நகலைத் தனியே பூட்டிவைத்து, சுத்தம் செய்த பிரதியை வாசகருக்குத் தருவதே சரி என்பது என் கருத்து. சுத்தம் செய்யத் தெரிந்தவர்கள் இருக்கும்வரை அது முடியும்.

நிலையான பைட் வரிசையே இல்லாமல், தொற்றும்போதெல்லாம் உருமாறிக்கொண்ட ‘1260’ வைரஸ் 1990-இல் ஸ்கேனர்களை எப்படித் திணறடித்தது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.