பதில் சொல்லத் தேவையில்லாத அமைச்சகம்

1978 ஜனவரித் தொடக்கத்தில், டெஹ்ரானில் ரஸ்தாகீஸ் கட்சி மாநாட்டில் இருந்த தகவல் துறை அமைச்சர் தாரியூஷ் ஹொமாயூன் கைக்கு அரண்மனை முத்திரையோடு ஓர் உறை வந்தது. அதிலிருந்த கட்டுரை ‘இத்தலாத்’ நாளேட்டுக்குப் போனது. ஜனவரி 7 அன்று புனைபெயரில் அச்சாகி, நாடு கடத்தப்பட்டிருந்த மதத் தலைவர் கொமெய்னியை இழிவுபடுத்தியது. இரண்டே நாளில் கோம் நகரில் போராட்டம், துப்பாக்கிச் சூடு, உயிர்ப்பலி. ஓராண்டு கழித்து மன்னர் முகமது ரெசா ஷா நாட்டை விட்டே வெளியேறினார். புரட்சிக்கு அந்த ஒரு கட்டுரை மட்டுமே காரணம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் மன்னரையும் அரசையும் இணைக்க ஏற்பட்ட அரண்மனை அமைச்சகம் எப்படி இயங்கியது என்பதற்கு அந்த உறை போதுமான சாட்சி.

யார் பதில் சொல்ல வேண்டும் என்பதில் ஈரானின் 1907 துணை அரசியல் சட்டம் தெளிவாகவே இருந்தது. மன்னருக்குப் பொறுப்பில்லை, அமைச்சர்களே நாடாளுமன்றத்துக்குப் பொறுப்பு. மன்னர் ஆணையிட்டார் என்று சொல்லி எந்த அமைச்சரும் தப்பிக்க முடியாது. அரண்மனை அமைச்சரின் அதிகாரமோ மன்னரின் நம்பிக்கையை மட்டுமே பற்றி நின்றது. முகமது ரெசா ஷாவின் தந்தை ரெசா ஷாவின் காலத்தில் ஆங்கிலோ-பாரசீக எண்ணெய் நிறுவனத்தோடு பேச்சுவார்த்தை நடத்தியவர் பிரதமரல்ல, அரண்மனை அமைச்சர் தைமூர்தாஷ். அந்த நம்பிக்கை விலகியதும் 1932 டிசம்பரில் அவர் பதவி போனது. மறு ஆண்டு சிறையில் உயிரும் போனது. மகன் ஆட்சியில் 1966 முதல் 1977 வரை அசதுல்லா ஆலம் அதே இடத்தில் இருந்தார். அமெரிக்க, பிரிட்டிஷ் தூதர்கள் அவரிடம் வந்து பேசியதை அவருடைய நாட்குறிப்புகளே விரிவாகச் சொல்கின்றன. பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் பிரதமராக இருந்த ஹொவெய்தா பல முக்கிய விஷயங்களில் ஒதுங்கியே நின்றார்.

மன்னர் என்று ஒருவர் இருந்தால் அவருக்கு ஓர் அலுவலகம் வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும்தான். ஜப்பானிலும் அரண்மனை நிர்வாகத்துக்கு முகமை இருக்கிறது. ஆனால் போருக்குப் பிறகு அது அரசின் கீழ் வந்துவிட்டது. பேரரசரின் அரசுசார் செயல் ஒவ்வொன்றுக்கும் மந்திரிசபையின் ஒப்புதல் வேண்டும், பொறுப்பும் மந்திரிசபைக்கே என்கிறது அந்நாட்டின் 1947 அரசியல் சட்டம். குற்றம் ஷாவின் எதேச்சாதிகாரத்தில்தான், அமைச்சகத்தில் இல்லை என்றும் வாதிடலாம். எதேச்சாதிகாரத்துக்கும் கை கால் வேண்டுமே! கேள்வி கேட்கும் மன்றத்தைத் தொடாமலே கட்டளையை நிறைவேற்றிக்கொள்ள அந்த அமைச்சகம்தான் வழி செய்தது. அதே வழியில் குறைகள் மேலே ஏறவில்லை. மன்னரின் தயவால் பதவியில் இருப்பவர் கசப்பான சேதியைக் கொண்டுபோகத் தயங்குவது இயல்பு. நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவருக்கு அந்தச் சொகுசு கிடையாது.

முடியாட்சி நீடிக்கும் எந்த நாட்டுக்கும் ஈரான் விட்டுச் சென்ற பாடம் இதுவே: அரண்மனையின் பெயரால் ஆணையிடுகிறவர் யாராயினும், மக்கள் பிரதிநிதிகள் முன் நின்று பதில் சொல்லியாக வேண்டும். அந்தக் கட்டாயம் மக்களைக் காப்பதோடு மன்னரையும் காக்கும்.